600 மீட்டருக்கு மேலே ஒரு சேரி

மலை எது என்று கவிஞனைக் கேட்டால் பனி என்பான், மேகம் என்பான். கங்காணியைக் கேட்டால் இன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பான். திட்டக் குழுவைக் கேட்டபோது அது கணக்காகச் சொன்னது. ஒரு தாலுகாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட தாலுகாக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருக்கவேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் மேற்குத் தொடர்ச்சி மலை வளர்ச்சித் திட்டத்துக்குள் ஐந்து மாநிலத் தாலுகாக்கள் வந்தன. கடைசிக் கணக்கில் 171. கொல்லிமலையும் கல்வராயனும் ஜவ்வாது மலையும் கிழக்கே பிறந்த குற்றத்துக்காக வெளியே நின்றன.

தொட்டுக்கொண்டு இருக்கவேண்டுமாம். தீண்டாமையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சொல்லைப் படித்தால் சிரிப்புத்தான் வரும்.

'சமச்சீர் வட்டார வளர்ச்சி' என்ற சொற்றொடரை நான் முதலில் மனப்பாடம் செய்தது வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில். நாட்டில் சில வட்டாரம் முன்னேறியிருக்கிறது, சில வட்டாரம் பின்தங்கியிருக்கிறது, அரசு பணத்தை இங்கிருந்து அங்கே திருப்பிச் சமன்செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. தேர்வில் மதிப்பெண் விழுந்தது, வேலையும் கிடைத்தது. அந்த வேலை சில வருஷம் சமவெளியில் சுற்றவிட்டு, கடைசியில் நீலகிரியில் ஒரு மலைக் கிளையின் கவுண்டரில் கொண்டுவந்து உட்காரவைத்தது. நான் பிறந்ததும் இதே மலையில்தான், ஒரு லயத்தில். ஆக, இந்தக் கொள்கையைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றும் பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கம் உட்கார்ந்தும் பார்க்கிறேன்.

கொள்கையின் சரித்திரம் நீளமானது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969ல் டி.ஆர். காட்கில் பெயரால் வந்த சூத்திரப்படி மத்திய அரசின் திட்ட உதவி மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டது. அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் மூன்றும் தனி வகை மாநிலங்களாகி மானியத்தில் பெரும்பங்கு பெற்றன. பிறகு இமாசலமும் மற்ற வடகிழக்கு மாநிலங்களும் சேர்ந்தன. மாநிலம் முழுக்க மலையாக இருந்தால் தனி வகை. மாநிலத்துக்குள் ஒரு மூலையில் மலை இருந்தால்? அதற்கு ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டம் வழி கண்டுபிடித்தது. 1974-75ல் மலைப்பகுதி வளர்ச்சித் திட்டம் பிறந்தது. உத்தரப்பிரதேசத்தின் மலை மாவட்டங்கள், அசாமில் இரண்டு மலை மாவட்டங்கள், வங்கத்தில் டார்ஜிலிங், தமிழ்நாட்டில் நீலகிரி. அதோடு மேலே சொன்ன மேற்குத் தொடர்ச்சி மலைத் திட்டம் தனியாக.

பிறகு பி. சிவராமன் தலைமையில் பின்தங்கிய பகுதிகளுக்கான தேசியக் குழு. 1981ல் அது சொன்ன கணக்கில் நாட்டில் பின்தங்கிய பகுதி ஆறு வகை: வறட்சிப் பகுதி, பாலைவனம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதி, வெள்ளம் சூழும் பகுதி, உப்பேறிய கடற்கரை. நல்ல பட்டியல்தான். மழை வராத ஊர் இருக்கிறது, மழை நிற்காத ஊர் இருக்கிறது, உப்பு ஏறிய ஊர் இருக்கிறது. சேரி மட்டும் இல்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் அரை பர்லாங் தள்ளி, பெரும்பாலும் பள்ளத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில், பின்தங்கவைக்கப்பட்ட ஒரு வட்டாரம் இருக்கிறது. ஊருக்குள் வருகிற குழாய் அங்கே வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோகிறது. இதைவிடத் துல்லியமாக எல்லை வகுக்கப்பட்ட வட்டாரம் இந்திய வரைபடத்தில் வேறெது? ஆனால் வட்டார ஏற்றத்தாழ்வைப் பேசுகிற படிப்பாளிகளுக்கு அது வட்டாரமாகத் தெரியாது. 'சமூகப் பிரச்சினை' என்று வேறு கோப்பில் போட்டுவிடுவார்கள். சேரிக்கு என்ன உயரம், என்ன சரிவு, ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் அவமானம் என்று அளக்க அவர்களிடம் கருவி கிடையாது.

சரி, மலைக்கு வருவோம். மலை என்றால் பொதுப்புத்திக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? பழங்குடி வருவார், அதுவும் படமாக. நீலகிரி என்றால் தோடர் மந்து, படுகர் ஆட்டம், மலர்க் கண்காட்சி, நீராவி ரயில். சினிமாக்காரனுக்குப் பாட்டு எடுக்க ஒரு பச்சைத் திரைச்சீலை. 2011 கணக்கெடுப்பைப் புரட்டிப் பாருங்கள். நீலகிரி மாவட்ட மக்கள் 7,35,394 பேர். அதில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 32 பேர். மூன்றில் ஒருவர் தலித் என்கிற அளவுக்கு! தமிழ்நாட்டில் இதைவிட அதிகப் பங்கு உள்ள மாவட்டம் திருவாரூர் ஒன்றுதான். கீழத்தஞ்சைப் பூமி தலித் பூமி என்று யாருக்கும் தெரியும். நீலகிரி அப்படி என்று சொன்னால் நம்ம தோழர்களே, 'அப்படியா?' என்று வாய் பிளக்கிறார்கள்.

எப்படி வந்தார்கள் இவர்கள்? நடந்து வந்தார்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்தும் கோவை, சேலம் பக்கத்திலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் காப்பிக்கும் சிங்கோனாவுக்கும் பிறகு தேயிலைக்கும் காட்டை வெட்ட வந்தார்கள். 1876-78 பஞ்சம் விரட்ட இன்னும் வந்தார்கள். வெள்ளைக்காரன் ஊட்டியில் ஊர் கட்டியபோது கல் சுமக்கவும் அவன் மலத்தைச் சுமக்கவும் ஆள் தேவைப்பட்டது. அப்புறம் 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் இருந்த 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்பாரற்ற மனிதர்களை இரண்டு அரசுகள் மாடு பிடிக்கிற மாதிரிப் பங்கு போட்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் படுத்து எழுந்து வந்தவர்களில் ஒரு பகுதியை வைத்துத்தான் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. 1968ல் வனத்துறையின் கீழ் தொடங்கி, பிறகு டான்டீ என்ற கழகமானது. அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே தேயிலைக்குப் போனதும் அதே சாதிதான், இங்கே தேயிலைக்கு வந்ததும் அதே சாதிதான். கடல் நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

என்னைக்கூட ஒரு கோடை விழாக் கவியரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'குறிஞ்சி'. லயத்துக் கக்கூசைப் பற்றி எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. போகட்டும்.

இப்போது சமச்சீர் வளர்ச்சியைக் கணக்குப் பார்ப்போம். பைகாரா மின்நிலையம் 1932ல் ஓடத் தொடங்கியது. மலைத் தண்ணீர் குழாயில் விழுந்து மின்சாரமாகி, கம்பி வழியாகக் கீழே இறங்கிக் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை ஓட்டியது. கோவை தொழில் நகரமானதற்குப் பைகாராதான் அடித்தளம் என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். பிறகு கனடா நாட்டு உதவியோடு குந்தா. 1960ல் அதுவும் மின்சாரம் கொடுத்தது. பவானியும் மோயாறும் இந்த மலை கொடுத்த தண்ணீர். ஆக மலை சமவெளிக்குக் கொடுத்தது வெளிச்சம், தண்ணீர், தேயிலை, கூட மே மாதத்துக் காற்று. சமவெளி திருப்பிக் கொடுத்தது மலைப்பகுதி வளர்ச்சித் திட்டம்.

அந்தத் திட்டத்தில் நீலகிரி மாவட்டம் முழுவதும் முதல் நாளிலிருந்தே உண்டு. கூடலூரும் பந்தலூரும் அதற்குள்தான். ஆனால் கூடலூரில் ஒரு விசித்திரம். நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலம் ஏறத்தாழ 80,000 ஏக்கர் அங்கே கிடந்தது. மன்னர் குடும்பம் குத்தகைக்கு விட, வெள்ளைக்காரக் கம்பெனியும் பிறகு உள்நாட்டுக் கம்பெனியும் தேயிலை போட்டார்கள். 1969ல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. தோட்ட முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1972ல் உச்சநீதிமன்றம் காட்டு நிலம் சம்பந்தப்பட்ட பகுதியை அடித்தது. 1974ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒன்பதாம் அட்டவணைக்குள் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வைத்தார்கள். அதையும் எதிர்த்து வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். ஐ.ஆர். கொய்லோ வழக்கு என்றால் சட்டக் கல்லூரிப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் அட்டவணையில் வைத்தாலும் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் செல்லாது என்ற அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர்த் தேயிலைப் புதருக்கு அடியில் இருக்கிறது. பரீட்சையில் நூறு பேர் எழுதுவார்கள். அந்த நிலத்தில் குடிசை போட்டவன் பெயர் ஒரு விடைத்தாளிலும் வராது.

அந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டக் குத்தகை நிலம் எல்லாம் அதில் அடக்கம். வழக்கு முடியும்வரை எதுவும் முடிவாகாது. வழக்கோ முடிவதில்லை. அந்த நிலத்தில் வீடு போட்டவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் இல்லை என்று வருஷக்கணக்கில் மறுத்தார்கள். அதாவது பைகாராவுக்கும் குந்தாவுக்கும் பக்கத்திலேயே, மலைப்பகுதி வளர்ச்சித் திட்டத்துக்கு உள்ளேயே, ஆயிரக்கணக்கான வீடுகளில் சிம்னி விளக்கு. இலங்கையிலிருந்து வந்தவர்கள், கேரளத்திலிருந்து வந்த ஏழைகள், பணியர் பாடிகள், எல்லோரும் அந்த இருட்டில் உண்டு. 'செக்சன் செவன்டீன்' என்பது எங்க ஊரில் ஒரு சாதிப்பெயர் மாதிரி. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

திட்டப் பணமெல்லாம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஐந்தாவது திட்டத்தில் பெரும்பாலும் பயனாளிக்கு நேரடியாகக் கொடுக்கிற வேலைகள் இருந்தன. ஆறாவது திட்டத்தில் சூழல் மேம்பாடு என்று அழுத்தம் மாறியது. ஏழாவது திட்டத்தில் சூழலைக் காப்பது, சூழலை மீட்பது என்று இன்னும் உறுதியானது. மனிதனிலிருந்து மண்ணுக்கு. தடுப்பணை, தடுப்புச் சுவர், வடிகால், ஓடைக்கு இருபுறமும் கல் கட்டுதல், எஸ்டேட் ஓரமாகச் சாலை. மண் அரிப்பைத் தடுப்பது வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. மண் போனால் முதலில் போவது லயம்தான். ஆனால் கல் கட்டுகிற வேலையில் தலித்துக்குக் கிடைத்தது கல் சுமக்கிற கூலி. கான்ட்ராக்ட் யாருக்குப் போனது என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற ஜீப்புகளைப் பார்த்தாலே தெரியும். திட்டக் குழுவையே கலைத்துவிட்டு 2015 ஜனவரி 1ல் நிதி ஆயோக் வந்தது. அதோடு மலைக்கென்று தனியாக வந்துகொண்டிருந்த மத்திய உதவியும் நின்றது. நின்றபோது லயத்தில் யாரும் அழவில்லை. அது வந்ததே அவர்களுக்குத் தெரியாது.

வங்கிக்காரன் என்பதால் ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்லவேண்டும். மலைக்கு ஏறி வந்த வட்டாரச் சமநிலை ஏதாவது உண்டென்றால் அது வங்கிக் கிளைதான். 1969ல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். 1977ல் ரிசர்வ் வங்கி, நகரத்தில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத ஊரில் நான்கு திறக்கவேண்டும் என்று விதி போட்டது. 1990ல் அந்த விதி முடிந்துபோயிற்று. இருந்த காலத்தில் திறந்த கிளைகளால்தான் எங்க பெண்கள் பாஸ்புக் என்ற ஒன்றைக் கையில் பிடித்தார்கள். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரிகிறது. கொழுந்து எடுக்கிற அம்மாவின் சம்பளம், வருங்கால வைப்புநிதி, கிராஜுவிட்டி, பிள்ளை திருப்பூரிலிருந்து அனுப்புகிற பணம், எல்லாம் எங்கள் கிளைக்கு வருகிறது. கடனாக அவர்களுக்குத் திரும்பிப் போவது? நகைக்கடன். வேறு என்ன கொடுப்பது? பயிர்க்கடனுக்குச் சிட்டா அடங்கல் வேண்டும். வீட்டுக் கடனுக்குப் பட்டா, வில்லங்கச் சான்று வேண்டும். தொழில் கடனுக்கு வாடகை ஒப்பந்தமாவது வேண்டும். லயத்து அறைக்கு ஒப்பந்தம் கிடையாது. 1972லிருந்து 4 சதவீத வட்டிக் கடன் என்று ஒன்று இருக்கிறது. அதில் நூற்றுக்கு 40 பங்கு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று விதி. தொகை சின்னது. ஒரு மாடு வாங்கலாம். லயத்தில் மாடு கட்ட மேனேஜரிடம் கேட்கவேண்டும். அவர் 'நோ' என்பார். விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கிறவனும் நான்தான், 'ஆவணம் இல்லை' என்று மேலே குறிப்பு எழுதுகிறவனும் நான்தான். மலையில் சேர்ந்த பணம் கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் கோவைக்கும் சென்னைக்கும் இறங்கிவிடுகிறது. பைகாரா மின்சாரம் மாதிரியேதான். இறங்குகிற எதற்கும் யாரும் பட்டா கேட்பதில்லை.

பட்டா, பட்டா என்று ஏன் இத்தனை தரம் சொல்கிறேன் என்றால், மலையில் தலித்தின் பிரச்சினை வேறெதிலும் இல்லை. சமவெளிச் சேரிக்காரனுக்கு நிலம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு குடிசையடி இருக்கிறது, நத்தத்திலோ புறம்போக்கிலோ. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலையில் இருக்கிறவரைக்கும் வீடு கொடு என்று முதலாளிக்குச் சொன்னது. வேலை முடிந்தால்? 58 வயதில் வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கிராஜுவிட்டி. நாற்பது வருஷம் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்த கிழவி எங்கே போவாள்? அதனால் வீட்டில் ஒரு பிள்ளையைத் தோட்டத்து ரெஜிஸ்டரில் பெயர் எழுதவைப்பார்கள். எங்க வீட்டில் என் அக்கா பெயர் எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவள். அந்த ஒரு அறையும் ஒரு அடுப்படியும் எங்களிடம் இருந்ததால் நான் காலேஜ் போய் வந்தேன். அடிமை முறை ஒழிந்துவிட்டது என்பவர்கள் வீட்டைப் பிணையாக வைத்து அடுத்த தலைமுறையை எடுத்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டுக்கு வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லட்டும்.

டான்டீயில் 2022ல் இன்னொரு முடிவு எடுத்தார்கள். நட்டம் என்று சொல்லி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது. காட்டை வெட்டித் தேயிலை போடு என்று கூட்டிவந்ததும் அரசு, தேயிலையைக் காடாக்கு என்று சொல்வதும் அரசு. நடுவில் வளைந்து வளைந்து முதுகு போனவர்களுக்கு அந்த உத்தரவுகள் இரண்டிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

வன உரிமைச் சட்டம் 2006 இருக்கிறதே என்பார்கள் சட்டம் படித்த தோழர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் 2016 வரை பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது, அது ஒரு கதை. இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓரடி நிலம்கூட அறிவிக்கப்படவில்லை, அது இன்னொரு கதை. அதை விடுங்கள். பழங்குடி அல்லாதவர் அந்தச் சட்டத்தில் உரிமை கேட்க வேண்டுமானால் 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். 1930லிருந்து. மண்டபம் முகாமில் 1970ல் இறங்கியவனிடம் 1930ல் கூடலூரில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறது சட்டம். அவன் அப்போது ஹட்டனில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தான். அவனை அங்கே ஏற்றி அனுப்பிய அரசு வெள்ளைக்காரனுடையது, இறக்கிக் கொண்டுவந்த அரசு நம்முடையது.

இதைச் சொல்லும்போது பழங்குடித் தோழர்கள் தவறாக நினைக்கக் கூடாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் இவர்களிடமிருந்து பறித்த நிலம்தான் இந்த மலை முழுக்க. முதல் உரிமை அவர்களுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தலித்துக்குப் பட்டா கேட்டால் உடனே 'பழங்குடி நிலத்தை வந்தேறி கேட்கிறான்' என்று மூட்டிவிடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் கையில்தான் ஆயிரம் ஏக்கர் குத்தகை இருக்கிறது. பணியனிடம் பிடுங்கியது லயத்துக்காரன் இல்லை. கேட்கவேண்டியது குத்தகைக் கம்பெனியின் நிலத்தில் பங்கு. பாடிக்கும் லயத்துக்கும் நடுவே இருக்கிற வேலியை அல்ல.

சூழலியலாளர்கள் வேறு ஒன்று சொல்கிறார்கள். மலை இதற்குமேல் தாங்காது, பட்டா கொடுத்தால் கட்டடம் வரும், காடு போகும் என்கிறார்கள். 2011ல் மாதவ் காட்கில் குழு அறிக்கை கொடுத்தது. 2013ல் கஸ்தூரிரங்கன் குழு அதைக் குறைத்து வேறொரு அறிக்கை கொடுத்தது. (மாதவ் காட்கில், சூத்திரம் தந்த டி.ஆர். காட்கிலின் மகன். அப்பா மாநிலங்களுக்குப் பணம் பிரித்தார், பிள்ளை மலைக்கு எல்லை பிரித்தார்.) மாதவ் காட்கில், கிராமசபை முடிவு செய்யட்டும் என்றார், அந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன். ஆனால் எந்தக் கிராமசபையில் லயத்துக்காரனின் குரல் ஏறியிருக்கிறது? தோட்டத்துக்குள் பஞ்சாயத்துச் சாலை போட மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்பது பெரிய மனிதர்களுக்குத் தெரியுமா? மலை தாங்காது என்பது உண்மை. தாங்காத இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நல்ல சமதரையில் பங்களா, ஃபாக்டரி, ரிசார்ட். ஓடை வளைவிலும் சரிவின் அடியிலும் லயமும் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவு தானாகச் சாதி பார்ப்பதில்லை, உண்மை. அதன் கீழே யாரைக் குடிவைப்பது என்று பார்த்தது சாதி.

மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், தென்மாவட்டத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. கேரள அரசு விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றும், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்றும் அறிவித்தது. சமச்சீர் வட்டார வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான அட்டவணை எந்தத் திட்ட ஆவணத்தில் இருக்கிறது? அங்கேதான் 2015ல் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று சாலைக்கு வந்து, கட்சிச் சங்கங்களையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் கூலி கேட்டார்கள். அந்தப் பெண்களுக்குத் திட்டக் குழு தெரியாது. லயத்தின் கூரை ஒழுகுவது தெரியும்.

மாஞ்சோலையை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 வருஷத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1999 ஜூலை 23ல் கூலி கேட்டு, சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லி நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றில் தள்ளியது. 17 பேர். தாமிரபரணி. 2018ல் அந்த மலை காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பியது. அந்த டிசம்பரில் உயர்நீதிமன்றம் அங்கேயே இருக்கவேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. கீழே சமவெளியில் வீடு என்றார்கள். காலி செய்கிறவர்களில் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் உண்டு. ஜமீனுக்கு மலை இருந்தது, கம்பெனிக்கு 99 வருஷம் இருந்தது, புலிக்குச் சரணாலயம் இருக்கிறது. புலி இருக்கட்டும், எனக்குப் புலியோடு சண்டை இல்லை. புலிக்காக இடம் விடச் சொல்லும்போது கம்பெனியிடம் 'விருப்பம்' கேட்டார்கள், தொழிலாளியிடம் 'விருப்ப ஓய்வு' கேட்டார்கள். இரண்டும் ஒரே சொல் இல்லை.

என் கோரிக்கை புரட்சிகரமானதல்ல. சில தோழர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். மலைக்கு எந்தப் பெயரில் திட்டம் வந்தாலும் அதன் முதல் செலவு வீட்டடி நிலமாக இருக்கவேண்டும். ஓய்வு பெறுகிற தொழிலாளிக்கு, அவர் வேலை செய்த மலையிலேயே, சரியாத இடத்தில், பெண் பெயரில், மூன்று சென்டாவது. நிலம் எங்கே இருக்கிறது என்று கலெக்டர் கேட்டால் குத்தகை முடிந்த, முடியப் போகிற தோட்டங்களின் பட்டியல் அவர் ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கிறது. வனத்துறைக்குத் திரும்புகிற டான்டீ நிலத்திலும் லயம் இருக்கிற திட்டை முதலில் அளந்து பிரிக்கவேண்டும், மிச்சம் காடாகட்டும். பட்டியல் சாதித் துணைத்திட்டப் பணத்தைச் சமவெளிச் சேரிக்கு மட்டும் எழுதாமல் லயத்துக்கும் எழுதவேண்டும். தோட்டம் தனியார் நிலம், அதற்குள் அரசுப் பணம் போடமுடியாது என்று ஒரு பதில் வரும். எனக்கே எழுத்தில் வந்திருக்கிறது. அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் அதைத் தனியார் என்கிறான், அரசும் ஆமாம் போடுகிறது.

நீலகிரியிலும் வால்பாறையிலும் ஏற்காட்டிலும் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கமும் வங்கிக் கிளைகளில், கூட்டுறவுச் சங்கங்களில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் பெயர் எதுவும் வேண்டாம், ரகசியத்தை மீறச் சொல்லவில்லை. உங்கள் கிளையில் தோட்டத் தொழிலாளர் கணக்கு எத்தனை, அதில் வீட்டுக் கடன் பெற்றவை எத்தனை, இரண்டே இரண்டு எண்ணை எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் கிளையின் எண்ணை அடுத்த இதழுக்குள் நான் தருகிறேன்.